இரண்டு மணிக்கு இயந்திரம் யாருடையது?

நான் விருப்ப ஓய்வு பெற்று வந்த பிறகு என் இடத்துக்கு வந்தவள் கவிதா. சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். ஆலையில் இப்போது ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கிறார்களாம். ஷிப்ட் முடித்துப் போகிறவர் அதில் விவரங்களை ஏற்றிவிட்டுப் போகலாம். வருகிறவர் பார்த்துக்கொள்ளலாம்.

"மேடம், ஷிப்ட் மாறுறப்ப கால் மணி நேரம் மெஷினை நிறுத்தி ரெண்டு பேரும் நிக்கறாங்களே, அது இனிமே எதுக்குன்னு மேலே கேக்கறாங்க. நான் என்ன சொல்றது?" என்றாள்.

வாயால் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. ஆனால் அவள் போய் இன்னொருவரிடம் சொல்லும்போது பாதிதான் மிஞ்சும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன். நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு உண்டு. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆகவே யார் என்ன சொன்னார்கள் என்பதில் பெரிய பிழை இருக்காது.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கோவில்பட்டிப் பக்கம் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் அளந்தேன். காலை முதல் மாலை வரை உலோகத் துண்டுகளை அளந்து நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று வைத்தேன். அந்த வேலையில் ஒன்று புரிந்தது. கெட்ட பீஸ்களில் பெரும்பாலானவை யாருடைய வேலை நேரத்திலும் நடுவில் உண்டாவதில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிற இடத்தில்தான் உண்டாகின்றன.

இதை மேலே இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் "அப்படின்னா நீயே அதைப் பாரு" என்று ஒரு பதவி உண்டாக்கிக் கொடுத்தார்கள். ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். எனக்குக் கீழே ஒருவரும் கிடையாது. யாருக்கும் உத்தரவு போட முடியாது. கேட்கலாம், பார்க்கலாம், பேசலாம்.

முதலில் எனக்கு வந்த சண்டை அசெம்பிளிக்கும் ஸ்டோருக்கும் இடையில். அசெம்பிளிப் பெண்கள் போல்ட்டுகளை மேசைக்கு அடியில் டப்பா டப்பாவாகப் பதுக்குகிறார்கள் என்று ஸ்டோர்காரர் புகார். ஸ்டோர்காரர் எப்போது போனாலும் ஆளில்லை என்று பெண்கள் புகார். ஒரு நாள் முழுக்கக் கூடவே நின்று பார்த்தேன். ஸ்டோர்காரர் சாப்பிடப் போகும் அதே அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் அந்தப் பெண்களுக்குப் புதிய மாடல் தொடங்கும். போல்ட் வாங்க அவர்களுக்கு இருந்த ஒரே வேளையில் கதவு பூட்டியிருந்தது. சாப்பாட்டு நேரத்தை முன்னுக்குத் தள்ளினோம். அடுத்த வாரம் டப்பாக்கள் தாமாகவே ஸ்டோருக்குத் திரும்பின. அன்றிலிருந்து இரு பிரிவுகள் சண்டையிட்டால், யார் மீது தப்பு என்று நான் கேட்பதில்லை. இருவரும் எந்த நேரத்தில் சந்திக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன்.

இனி, கவிதாவுக்காக எழுத உட்கார்ந்த விஷயம்.

கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர்கள் திரும்பி வந்த சமயம் அது. பம்ப் உறை ஒன்றுக்குத் துளை போடும் லைன் எங்களிடம் இருந்தது. காலை ஆறு மணிக்கு முதல் ஷிப்ட், இரண்டு மணிக்கு இரண்டாம் ஷிப்ட். மற்ற ஆலைகளில் போல வாரா வாரம் ஷிப்ட் மாறாது. எங்கள் ஆலையில் பஸ் போகும் வழியை வைத்து ஆட்களைப் பிரித்திருந்தார்கள். சூளகிரி, பேரிகைப் பக்கத்துக்காரர்களுக்கு நிலம் இருந்தது. மதியத்துக்கு மேல் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் காலை ஷிப்டை விட மாட்டார்கள். தெற்கிலிருந்து வந்து ஓசூரில் வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு எந்த நேரமானாலும் சரிதான் என்பதால் இரண்டாம் ஷிப்ட் அவர்களுக்கு வந்து சேர்ந்தது. வருஷக் கணக்கில் இப்படியே ஓடியது.

ஆலை மேலாளரை ஜி.கே. சார் என்போம். பெங்களூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வருவார். அவர் பேசும் முறையை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவரிடம் எதையும் சாதிக்க முடிந்தது. அறையில் உட்கார வைத்துப் பேச மாட்டார். காகிதத்தை நீட்டினால் வாங்குவார், படிக்க மாட்டார். "பீஸ் எங்கே?" என்பார். பீஸைக் கையில் கொடுத்தால் அதைப் பெருவிரலால் தடவிக்கொண்டே கண்ணை மூடிக்கொள்வார். அப்போது நாம் பேச வேண்டும். நடுவில் குறுக்கிட மாட்டார். முடித்ததும் கண்ணைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பீஸை நம் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு நடந்துவிடுவார். திட்ட மாட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அவர் ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார். அன்று அவர் கையில் ஏற்கெனவே ஒரு பம்ப் உறை இருந்தது.

"இந்த லைன்ல ஸ்கிராப் முழுக்க செகண்ட் ஷிப்ட்லதான் வருது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் சுத்தம். அதே மெஷின், அதே மெட்டீரியல். அப்ப ஆளுதான் சரியில்ல. செகண்ட் ஷிப்டை மூடிட்டு அந்த வேலையை வெளியே கொடுத்துடலாம்னு இருக்கேன்."

இரண்டாம் ஷிப்டில் பன்னிரண்டு பேர். இயந்திரத்தின் அளவைச் சரிசெய்யும் செட்டர் செல்வராஜைத் தவிர மற்ற எல்லாரும் ஒப்பந்தத்தில் இருந்தவர்கள். ஷிப்டை மூடினால் அன்றைக்கே வெளியே. செல்வராஜை வேறு லைனில் உதவியாளராகப் போடுவார்கள். அவன் சங்கரன்கோவில்காரன். மனைவியும் அதே சிப்காட்டில் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தாள்.

"ஒரு மாதம் கொடுங்கள் சார்" என்றேன்.

"ஒரு மாசத்துல ஆளை மாத்திடுவியா?"

"ஆளை இல்லை சார். என்ன நடக்கிறதென்று பார்க்கிறேன்."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "மாசக் கடைசியில வரேன். அதுக்கு மேல என்கிட்ட இதைப் பத்தி வராதே" என்றார். பீஸை என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

முதலில் செல்வராஜிடம் போனேன். நானும் தெற்குக்காரி என்பதால் அவன் என்னை அக்கா என்பான். கேட்டதும் கொதித்துவிட்டான்.

"எங்கள என்ன செய்யச் சொல்லுதீயக்கா? நாங்க வந்து நிக்கயில டிப் தேஞ்சு போய்க் கெடக்கு. மாத்துனா பீஸ் பெருசா வருது. மாத்தாட்டி சிறுசா வருது. அவுக எட்டு மணி நேரம் ஓட்டு ஓட்டுன்னு ஓட்டிட்டு பஸ் ஏறிப் போயிருதாக. மாசக் கடைசியில பிரியாணியும் அவுகளுக்குத்தான். எங்களுக்கு எலும்புகூட இல்ல."

பிரியாணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைன் முகப்பில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. நடுவில் கோடு. இடது பக்கம் முதல் ஷிப்ட் எடுத்த நல்ல பீஸ்கள், வலது பக்கம் இரண்டாம் ஷிப்ட் எடுத்தவை. மாதக் கடைசியில் யார் அதிகமோ அவர்களுக்கு கேன்டீனில் பிரியாணி. பலகைக்கு முன்னால் ஒரு போட்டோ. வலது பக்கத்துக்காரர்கள் அந்த போட்டோவில் வந்ததே இல்லை.

டிப் என்பது துளையைக் கடையும் கத்தியின் முனை. விரல் நக அளவுதான் இருக்கும். தேயத் தேயத் துளை சிறுத்துக்கொண்டே வரும். அப்போது செட்டர் இயந்திரத்தில் ஒரு திருத்த எண்ணைக் கொஞ்சம் ஏற்றுவார். கத்தி அந்த அளவுக்கு வெளியே நகரும். துளை மறுபடி சரியாக வரும். ஒரு கட்டத்தில் டிப்பையே மாற்ற வேண்டும். மாற்றி, அளந்து, சரிபார்க்க நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் பலகையில் எண் ஏறாது. துளை சிறிதாக வந்தால் மறுபடி கடைந்துகொள்ளலாம். பெரிதாகப் போனால் அந்த உறை குப்பைதான்.

முதல் ஷிப்டின் செட்டர் முனியப்பா. பேரிகைக்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆலையில் தமிழ். மூன்றிலும் வேகமாகப் பேசுவார். ஊரில் தக்காளியும் புதினாவும் போட்டிருந்தார். அவரிடம் கேட்டேன்.

"என் ஷிப்ட்ல ஒரு பீஸு கெட்டதுன்னு காட்டுங்க மேடம், நான் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு ஊருக்குப் போறேன்" என்றார். "நல்ல பீஸு குடுத்துட்டுத்தானே பஸ் ஏறறேன். அதுக்கப்புறம் அந்த ஆளு என்னா பண்றாருன்னு நான் எங்க பார்க்கறது? தோட்டத்துல இருந்துகிட்டு பார்க்கறதா?"

அவர் சொன்னதும் உண்மை. அவர் ஷிப்டில் எடுத்த பீஸ்கள் ஒவ்வொன்றும் அளவில் இருந்தன. நானே அளந்தேன்.

இருவரும் சொன்னது உண்மை என்றால், பார்க்க வேண்டிய இடம் இரண்டு மணி. ஒரு நாள் ஒன்றரைக்கே போய் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டேன். கடைசியாக வந்த உறைகளில் மார்க்கரால் எண் போட்டு வரிசையாக மேசையில் அடுக்கினேன். இரண்டு அடிக்கச் சற்று முன்னால் முனியப்பா பட்டனை அழுத்தி இயந்திரத்தை நிறுத்தினார், கையைத் துடைத்தார், டிபன் பையை எடுத்தார், போய்விட்டார். வாசலில் பேரிகை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அந்த ஓட்டுநர் ஒரு நிமிஷம்கூட நிற்க மாட்டார். இவர்களை இறக்கிவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேறு அவர் போக வேண்டும். இரண்டாம் ஷிப்டுக்காரர்கள் கேட்டில் வருகைப் பதிவுக்கு விரல் வைத்து, டீ குடித்து, லைனுக்கு வந்தபோது இயந்திரத்தின் முன்னால் ஒருவரும் இல்லை. அதே ஆலையில், அதே இயந்திரத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த இந்த இரண்டு கூட்டத்தாரும் வாசலில் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு கடந்து போனதைத் தவிர சேர்ந்து நின்றதில்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

செல்வராஜ் இயந்திரத்தின் முன் நின்றான். டிப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். முனை மழுங்கிப் போயிருந்தது. புது டிப் மாட்டினான். திரையில் திருத்த எண்ணைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான்.

"என்னப்பா, மாற்றவில்லையா?" என்றேன்.

"அது அவரு போட்ட நம்பரு அக்கா."

இதற்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருந்தது. முன்பொரு முறை செல்வராஜ் அந்த எண்ணை அழித்துப் பூஜ்யமாக்கியிருக்கிறான். மறுநாள் காலை முனியப்பாவுக்கு அளவு வராமல் பாதிப் பொழுது போய்விட்டது. இருவரும் சட்டையைப் பிடிக்காத குறை. அன்றைய சூப்பர்வைசர் பஞ்சாயத்து பண்ணி, ஒருவர் போட்ட எண்ணை மற்றவர் தொடக் கூடாது என்று முடித்துவைத்திருக்கிறார். அதற்குப் பிறகு சண்டை வரவில்லை. அந்த சூப்பர்வைசரும் மாறிப் போய்விட்டார். விதி மட்டும் மரியாதையாக நின்றுவிட்டது. ஒருவர் எண்ணை இன்னொருவர் தொடுவது, ஒருவர் தட்டில் இன்னொருவர் கை வைப்பதைப் போல ஆகிவிட்டது.

"தொட்டால்தான் என்ன? கொஞ்சம் குறைத்துக்கொள்ளேன்" என்றேன்.

"எவ்வளவு கொறைக்கக்கா? இதுல டிப்புக்கு எவ்வளவு ஏத்துனாரு, சூட்டுக்கு எவ்வளவு ஏத்துனாருன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. ஓசூர்க் காலைக் குளிரில் இயந்திரம் ஜில்லென்று இருக்கும். ஓட ஓடச் சூடேறும். சூடேறினால் அளவு நகரும். அதற்கு முனியப்பா ஒரு திருத்தம் போடுவார். டிப் தேய்வதற்கும் ஒரு திருத்தம் போடுவார். இரண்டும் திரையில் ஒரே எண்ணாகத்தான் நிற்கும். டிப்பை மாற்றினால் டிப்புக்காகப் போட்டதை மட்டும் எடுக்க வேண்டும்; சூட்டுக்காகப் போட்டதை விட்டுவைக்க வேண்டும். எண் திரையில் இருந்தது. அதற்கான காரணங்கள் பேரிகை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தன.

அன்று செல்வராஜ் எண்ணைத் தொடாமல் ஓட்டிய முதல் உறை பெரிதாக வந்தது. அடுத்ததற்குப் பயந்து பயந்து கொஞ்சம் குறைத்தான். அதுவும் பெரிது. நான்காவதில்தான் அளவு வந்தது. மூன்று உறைகள் கெட்ட பீஸ்களைப் போடும் சிவப்புத் தொட்டிக்குப் போயின. வலது பக்கக் கணக்கில்தான் அவை ஏறும். முனியப்பா எடுத்த கடைசி உறைகள் என் மேசையில் பழுதில்லாமல் பளபளத்துக்கொண்டிருந்தன.

என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. இரண்டு மணிக்குக் கால் மணி முன்னால் இயந்திரம் நிற்க வேண்டும். இரண்டு செட்டர்களும் அதன் முன்னால் நிற்க வேண்டும். போகிறவர் டிப்பை மாற்றி, எந்தத் திருத்தம் எதற்கு என்று சொல்லி, எண்ணை அவரே சரிசெய்ய வேண்டும். வருகிறவர் முதல் பீஸ் ஓட்ட வேண்டும். அதைப் போகிறவர் அளக்க வேண்டும். அளவு சரியென்று அவர் சொன்ன பிறகுதான் பஸ். சொல்வதற்கு இவ்வளவுதான். இதற்கு எல்லாருமே முடியாது என்றார்கள்.

"கால் மணி நேரம் நிறுத்தினா அந்த பீஸு யாரு கணக்குல கொறையும்? என் கணக்குலதானே" என்றார் முனியப்பா. "நான் நிறுத்தி, நான் டிப் மாத்தி, அவரு ஜம்முனு ஓட்டுவாரு. என்னா நியாயம் மேடம் இது?"

"பன்னிரண்டு பேருக்கு வேலை போகும் முனியப்பா."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. அதுக்கு நான் என்னா பண்ணட்டும்? மூணரை மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வருது. பஸ்ஸை விட்டா மோட்டார் போட ஆளு கெடையாது. தண்ணி பாயலேன்னா தக்காளி என்னைக் கேக்கும். உங்களையா கேக்கும்?"

செல்வராஜிடம் அரை மணி முன்னால் வரச் சொன்னேன். "அவரு மூஞ்சியப் பார்க்கிறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியா?" என்றான். பஸ் ஓட்டுநரிடம் ஐந்து நிமிஷம் நிற்க முடியுமா என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ரோட்டுல நிக்கும்மா, நீங்க வந்து பார்த்துக்கறீங்களா?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். பஸ்ஸை அதோடு விட்டுவிட்டேன். நகர வேண்டியது இயந்திரம் நிற்கும் நேரம்தான், பஸ் அல்ல.

மிஞ்சியது பலகை. கோடு இருக்கிறவரை முனியப்பா கால் மணி நேரத்தை விட்டுத்தர மாட்டார். விடச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை. அந்தக் கோட்டைப் போட்டவர் ஜி.கே. சார். அது அவருடைய யோசனை. வெளியிலிருந்து யார் வந்தாலும் அந்தப் பலகையைத்தான் முதலில் காட்டுவார்.

மாதக் கடைசிவரை காத்திராமல் நானே அவரைத் தேடிப் போனேன். கையில் இரண்டு உறைகள். ஒன்று முனியப்பாவின் கடைசி பீஸ். இன்னொன்று செல்வராஜின் முதல் பீஸ். இரண்டையும் அவருடைய இரு கைகளிலும் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். தேய்ந்த டிப், ஒரே எண்ணில் இரண்டு காரணங்கள், தொடக் கூடாது என்ற விதி, வாசலில் பஸ், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "இந்தப் பெரிய துளைக்குப் பாதிக் காரணம் அந்த நல்ல துளையில் இருக்கிறது சார். இரண்டையும் ஒன்றாகக் கணக்கெடுங்கள். கோட்டை அழித்துவிடுங்கள்" என்று முடித்தேன்.

கண்ணைத் திறந்தார்.

"கோடு இல்லேன்னா யாரும் ஓட மாட்டாங்க. எல்லாரும் அடுத்தவன் பார்த்துப்பான்னு நின்னுட்டா?"

அவருடைய அந்த ஒரு கேள்வி இதுதான். பார்த்ததைச் சொன்னேன்.

"இப்போதும் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுத்தான் ஓடுகிறார்கள் சார். பலகையில் அது தெரிவதில்லை, தொட்டியில் தெரிகிறது. இரண்டு வாரம் கோடில்லாமல் பாருங்கள். மொத்த எண் குறைந்தால் நான் சொன்னது தப்பு. நானே கோட்டைப் போடுகிறேன்."

அவர் பீஸ்களை என் கையில் வைக்கவில்லை. ஜன்னல் ஓரத்தில் வைத்தார். "பிரியாணி?" என்றார்.

"இரண்டு ஷிப்டும் சேர்த்து இருபத்துநான்கு பேருக்கும் ஒன்றாகப் போடுங்கள்."

சிரித்தாரா என்று சொல்ல முடியாது. அன்று மாலை ஹவுஸ்கீப்பிங் பெண் ஒருத்தி ஸ்பிரிட் போட்டுத் தேய்த்துக் கோட்டை அழித்தாள். வருஷக் கணக்கில் இருந்த கோடு என்பதால் லேசாகத் தடம் தெரிந்தது.

கோடு போனதும் முனியப்பா நிறுத்த ஒத்துக்கொண்டார்; செல்வராஜும் முணுமுணுத்துக்கொண்டே முன்னதாக வந்தான். முதல் வாரம் மோசமாக இருந்தது. இருவரும் இயந்திரத்தின் முன்னால் நின்றார்கள், ஆனால் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார்கள்.

"மேடம், சூட்டுக்கு ஆறு போட்டிருக்கேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"கேட்டுருச்சுன்னு அவுககிட்டச் சொல்லுங்கக்கா."

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, சொன்னதைத் திருப்பிச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் நேராகப் பேசத் தொடங்கினார்கள். பேசியதும் சண்டைதான் வந்தது. பழைய சண்டையை எடுத்தார்கள். அன்று யார் முதலில் கத்தியது என்று ஆரம்பித்தார்கள். அதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. மிச்சத்தை மறுநாள் வைத்துக்கொண்டார்கள். கேன்டீனில் சிலர் என்னைப் பார்த்து, "கல்யாணப் புரோக்கர் வர்றாங்க பாரு" என்று கேலி செய்தார்கள். நான் தினமும் ஒன்றேமுக்காலுக்கு அங்கே போய் நின்றேன். காய்ச்சல் இருந்த அன்றும் நின்றேன். நான் ஒரு நாள் வராவிட்டால் அவர்களும் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் வாரம் சிவப்புத் தொட்டியில் விழுவது குறைந்தது. மொத்த எண் ஏறவில்லை, குறையவும் இல்லை. அது போதாது. ஜி.கே. சார் ஏற்றத்தைத்தான் பார்ப்பார். மூன்றாம் வாரம் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. செல்வராஜ் இரவு பத்து மணிக்கு வேலை முடித்துப் போகும்போது தானாகவே டிப்பை மாற்றிவிட்டுப் போகத் தொடங்கினான். காலையில் வந்த முனியப்பா புது டிப்பைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "அந்த ஆளு மாத்தி வச்சிருக்காரு, பாத்தீங்களா?" என்றார். குற்றம் சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் அன்று ஆறு மணிக்கே லைன் ஓடத் தொடங்கியது. எண் ஏறியது.

மாதக் கடைசி நாள். ஜி.கே. சார் சொன்னபடி வந்து இயந்திரத்துக்குச் சற்றுத் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பன்னிரண்டு பேரும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு முன்னதாகவே வந்துவிட்டார்கள். அவர்களுக்கு விஷயம் தெரியும்.

அன்று பார்த்து மதியம் வேறொரு லாட் வார்ப்பு, அதாவது வேறு தொகுதி உறைகள், வந்திருந்தது. இரும்பு கொஞ்சம் கடினம். முனியப்பா வழக்கம் போலக் கால் மணி முன்னால் நிறுத்தினார். டிப்பை மாற்றினார். எண்ணைச் சொன்னார். செல்வராஜ் முதல் பீஸ் ஓட்டினான். முனியப்பா அளவுக் கருவியான கேஜைத் துளைக்குள் விட்டு அளந்தார். முகம் மாறியது.

"சிறுசா வருதுங்க" என்றார். "இந்த லாட்டு வேற மாதிரி இருக்குது."

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. முதல் ஷிப்டுக்காரர்கள் பையோடு போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் திரும்பி, "அண்ணா, வர்றீங்களா, வண்டி எடுக்கறாங்க" என்று கத்தினார்.

துளை சிறிதாக வந்தது, கெட்டுப்போகவில்லை. மறுபடி கடையலாம். முனியப்பா எண்ணைச் சொல்லிவிட்டுப் போயிருந்தால் அவர் மேல் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க முடியாது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அது என் வற்புறுத்தலாகிவிடும்.

"நீங்க போங்கண்ணே" என்றான் செல்வராஜ். அவன் அவரை அண்ணே என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். "கரண்ட் வந்துரும். நான் கொஞ்சங் கொஞ்சமா ஏத்திப் பார்த்துக்கிடுதேன்."

"நீ ஏத்தி, பெருசாப் போச்சின்னா?" என்றார் முனியப்பா. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "போகச் சொல்லு" என்று கத்தினார்.

பஸ் போய்விட்டது.

இருவரும் குனிந்துகொண்டார்கள். ஏற்றினார்கள், ஓட்டினார்கள், அளந்தார்கள். இரண்டாவது பீஸ் எல்லைக்குள் வந்தது, ஆனால் ஓரத்தில். மூன்றாவது நடுவில் வந்து நின்றது. முனியப்பா கேஜை வெளியே எடுத்து, துணியால் துடைத்து, அந்த உறையை செல்வராஜிடம் கொடுத்தார். செல்வராஜ் அதை ஜி.கே. சாரிடம் கொண்டுபோனான்.

அவர் பெருவிரலால் தடவினார். கண்ணை மூடவில்லை. முனியப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "உங்க ஷிப்ட் முடிஞ்சிடுச்சே. பஸ் போயிடுச்சே. இது அவங்க பீஸ்தானே?"

"யாரு பீஸுன்னு பீஸுல எழுதியா சார் இருக்குது?" என்றார் முனியப்பா. "நான் டிப் மாத்தி நம்பர் போட்டது. கெட்டா எனக்குத்தான் அசிங்கம்."

ஜி.கே. சார் அங்கேயே நின்று போனை எடுத்தார். மனிதவளப் பிரிவில் யாரையோ கூப்பிட்டு, "செகண்ட் ஷிப்ட் ஆளுங்க லிஸ்ட் கேட்டிருந்தேன் இல்ல? வேண்டாம்" என்றார். அந்த உறையை நல்ல பீஸ்களின் தட்டில் வைத்துவிட்டு நடந்தார். மற்றவர்கள் அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு செல்வராஜ், "என்னலே பார்த்துக்கிட்டு நிக்கீங்க, லோடு போடுங்க" என்று அதட்டினான். லைன் ஓடத் தொடங்கியது.

முனியப்பாவை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஓசூர் பஸ் நிலையத்துக்குப் போனேன். சிப்காட் சாலையில் லாரிகளுக்கு நடுவே அவர் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தார். முதலில் கரண்ட்டைப் பற்றி, அடுத்து தக்காளி விலையைப் பற்றி. சிக்னலில் நின்றபோது தோளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்:

"அந்தப் பையன் கேஜை அழுத்திப் புடிக்கறான் மேடம். அதனாலதான் அவனுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரி காட்டுது. இத்தனை வருஷமா அப்படித்தான் புடிச்சுகிட்டு இருந்திருக்கான் போல. நாளைக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் முன்னாடி நிறுத்தறேன். அதை அவன் பக்கத்துல நின்னு காட்டித்தான் சொல்லணும்."